ஜவமா, ஜவ்வா? ஜவ்வாது மலையிலிருந்து சரக்கனுப்பும் முறைகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஜவ்வாது மலை என்றவுடன் சிறு குப்பியில் அடைத்து விற்கும் அந்தப் பழைய வாசனைப்பொடியை நினைத்துக்கொள்வது சாமானியர் வழக்கம். ஆராய்ச்சியாளன் அத்துடன் திருப்தி அடைந்துவிடலாகாது. வடமொழியில் ‘ஜவம்’ என்றால் வேகம். தமிழ்ப் பேச்சில் ‘ஜவ்வு’ என்றால் இழுக்க இழுக்க நீள்வதும் முடிவென்பதையே அறியாததுமான ஒரு வஸ்து. ஆகவே இம்மலையின் பெயர் வேகத்திலிருந்து பிறந்ததென்று ஒரு கட்சியும், இழுவையிலிருந்து பிறந்ததென்று மற்றொரு கட்சியும் தோன்றியிருக்கின்றன. இரு கட்சிகளையும் ஸ்தாபித்தவன் நானே என்பதையும், இரண்டிலும் இன்றுவரை நான் ஒருவனே அங்கத்தினன் என்பதையும் வாசகரிடம் ஒளிப்பதற்கில்லை.

இவ்விசாரணைக்குக் காரணமாயிருந்தவன் ஜமுனாமரத்தூரில் வசிக்கும் என் நண்பரொருவரின் மகன். சாமை அரிசி, மலைத்தேன், கொட்டை எடுத்த புளி, பருவத்தில் கடுக்காய் என்று மலைச் சரக்குகளைப் படம் பிடித்துக் கைப்பேசியில் காட்டி, சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும் முகமறியாத ஜனங்களுக்கு விற்கும் வியாபாரத்தைத் தொடங்கியவன், ஒரு நாள் என்னிடம், “எதுல போட்டா நல்லது, ஐயா?” என்று கேட்டான். தபால் என்றோ, கூரியர் என்றோ, லாரி என்றோ ஒரு சொல்லில் பதில் வரும் என்று அவன் எதிர்பார்த்தான் போலும். பிரச்னையை அதன் மூலத்திலிருந்து அணுகுவதாக வாக்களித்து நான் வீடு திரும்பி எட்டு மாதங்களாகின்றன.

மூலம் என்பது இங்கே சங்ககாலம். இம்மலையின் தென்னடிவாரத்திலுள்ள செங்கம், பழைய செங்கண்மா. நன்னன் சேய் நன்னன் என்ற மன்னனின் ஊர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் அவ்வூருக்குப் பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறார். எந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எந்தப் புனத்தில் காவலர் எறியும் கவண்கல் பாய்ந்து வரும், எந்தப் பாறை வழுக்கும், எந்தக் குடியில் இரவு தங்கலாம், சேயாற்றை எப்படி ஒட்டிப் போவது என்று எல்லாம் விளக்கி, வழி பிரிந்து மயக்கும் இடங்களில் பின்னால் வருகிறவர் தவறிவிடாதபடி புல்லை முடிந்து அடையாளம் வைத்துப் போங்கள் என்றும் அவர் புத்தி சொல்கிறார். சரக்கு இப்போது எந்த ஊரைத் தாண்டியது என்று இக்காலத்துக் கைப்பேசி காட்டும் வரிகளுக்கெல்லாம் இந்தப் புல்முடிச்சே மூதாதை என்பது என் துணிபு. வித்தியாசம் ஒன்று உண்டு: புல்முடிச்சைப் பார்த்தவனுக்கு வழி தெரிந்தது, கைப்பேசியைப் பார்த்தவனுக்குச் சரக்கு மூன்று நாளாக ஒரே கிடங்கில் படுத்திருப்பது மாத்திரம் தெரிகிறது.

பெருங்கௌசிகனார் முகவரி சொல்ல எடுத்துக்கொண்டது 583 அடி. பாரதத் தபால் இலாகா அதையே ஆறு இலக்கத்தில் முடித்துவிட்டது. 1972 ஆகஸ்டு 15-ல் நடைமுறைக்கு வந்த பின்கோடு முறையை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் சமஸ்கிருதக் கவியுமாவார் என்பது கவனிக்கத்தக்கது. சூத்திரம் செய்யத் தெரிந்தவர் கையில்தான் ஒரு தேசத்தின் முகவரிகள் இப்படிச் சுருங்க முடியும். ஆனால் சூத்திரத்துக்குப் பாஷ்யம் வேண்டாமா? மலைக்கு ஒரு புறத்து ஆலங்காயம் 635701. கீழ்ப்புறத்துப் போளூர் 606803. மலையோ திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கால் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. முதல் மூன்று இலக்கங்களிலேயே மலை இரண்டாகப் பிளந்துவிடுவதால், ஒரு குக்கிராமத்துக்குப் போகும் பொட்டலம் முதலில் எந்தப் பக்கத்தால் மலையேறுவதென்று யோசிக்கிறது. அந்த யோசனைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பதை இலக்கங்கள் சொல்வதில்லை.

இனி முறைகளுக்கு வருவோம். தபால் என்ற மார்க்கம் தொன்மையானது. அது போகாத ஊர் இல்லை. ஆனால் ரிஜிஸ்டர் தபால் என்று நம் முன்னோர் பயபக்தியோடு உச்சரித்த வஸ்து 2025-ல், 1986-ல் பிறந்த ஸ்பீடு போஸ்டுடன் ஐக்கியமாகிவிட்டது. லாரி பார்சல் சர்வீஸ் என்பது மூட்டைக்கு ஏற்றது. அதில் ‘பெய்டு’ என்றும் ‘டூ பே’ என்றும் இரண்டு தத்துவங்கள் உண்டு, அதாவது கூலியை அனுப்புகிறவன் கட்டுவது, எடுத்துக்கொள்கிறவன் கட்டுவது. வீட்டு வாசலுக்கு அது பெரும்பாலும் வராது, எல்.ஆர். சீட்டைக் காட்டிக் கிடங்கில் போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குரோம்பேட்டையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பெண்மணி அரைக்கிலோ சாமைக்காக லாரி செட்டில் போய் நிற்பாளென்று எதிர்பார்ப்பது அதர்மம். கூரியர் என்பது மூன்றாவது மார்க்கம். அதைப் பற்றித்தான் விஸ்தாரமாகப் பேச வேண்டியிருக்கிறது.

கூரியர்க்காரர்களுடைய தராசு நம்முடைய தராசு அன்று. அது ஐந்நூறு கிராம் ஐந்நூறு கிராமாகவே எண்ணும். 500 கிராமுக்கு மேல் ஒரு கிராம் ஏறினாலும் அடுத்த படியின் கூலியை முழுசாக வாங்கிவிடும். என் நண்பர் மகன் ஆரம்பத்தில் மகா யோக்கியனாக அரைக்கிலோ சாமையைச் சரியாக நிறுத்துக் கட்டி, அட்டைப்பெட்டியும் ஒட்டுநாடாவும் சேர்ந்து 540 கிராமாகக் கொண்டுபோய்க் கொடுத்து, நாற்பது கிராம் அட்டைக்காக ஒரு கிலோவின் கூலியைக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு மாத காலம் இப்படித் தத்தளித்த பிறகு அவனே பொட்டலத்தை 450 கிராமாக்கினான். இது மோசடி அன்று. உறையின்மேல் 450 என்றே அச்சிட்டிருக்கிறான். நகரத்துக் கடைகளில் சில பண்டங்கள் ஏன் இப்படி முழுசில்லாத எடைகளில் விற்கின்றன என்று பல காலமாக எனக்கிருந்த சந்தேகத்தில் ஒரு பகுதியாவது அன்று தீர்ந்தது.

இதைவிட நுட்பமானது கனபரிமாண எடை என்னும் சித்தாந்தம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருவதைக் கிலோவென்று கொண்டு, உண்மை எடை, கற்பனை எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கூலி விதிப்பது பல கூரியர் நிறுவனங்களின் நியதி. முப்பது, இருபது, இருபது என்ற அளவுள்ள பெட்டியில் சாமை முறுக்கை நொறுங்காமல் அடுக்கி அனுப்பினால், உள்ளே 600 கிராம் முறுக்குத்தான் இருக்கும், கணக்கிலோ 2.4 கிலோ வந்து நிற்கும். அடுத்த படிக்கு ஏற்றி 2.5 கிலோவுக்குக் கூலி கட்ட வேண்டும். மிச்சம் ஏறக்குறைய இரண்டு கிலோ, முறுக்கின் நடுவிலுள்ள துவாரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஆகாசத்துக்கும். ஆகாசம் எங்கும் நிறைந்தது, அதற்கு எடை இல்லை என்று நையாயிகர்கள் எத்தனை வாதம் செய்தாலும் கவுன்டரில் இருக்கும் பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டான். ஆகவே முறுக்குக்காரர் தபாலையும் சாமைக்காரர் கூரியரையும் விசாரிப்பது உசிதம் என்பது என் இடைக்கால முடிவு. தேனைப் பற்றி ஒரே வார்த்தை: விமானத்தில் ஏற்ற எளிதில் சம்மதியார், கண்ணாடிப் புட்டியிலும் வேண்டாம்.

இங்கே பூர்வபட்சக்காரர் ஒருவர் எழுந்து, “கூலியை ஏன் வாடிக்கைக்காரரிடம் கேட்க வேண்டும்? டெலிவரி இலவசம் என்று போட்டுவிட்டால் ஜனங்கள் வாங்குவார்களே” என்கிறார். வாங்குவார்கள், மறுப்பதற்கில்லை. நூறு ரூபாய்ச் சாமைக்கு அறுபது ரூபாய்க் கூலி என்றால் முகம் சுளிக்கிறவர், நூற்றறுபது ரூபாய்ச் சாமை, கூலி இலவசம் என்றால் மகிழ்ச்சியோடு வாங்குவது மனித சுபாவம். ஆனால் இதற்கொரு பழைய கதை இருக்கிறது. இங்கிலாந்தில் 1840-க்கு முன் கடிதக் கூலியைப் பெரும்பாலும் பெறுகிறவரே கொடுத்தார். அதுவும் தூரத்துக்குத் தக்கபடி. ரோலண்டு ஹில் என்பவர் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டட்டும், தேசம் முழுவதும் ஒரே கூலியாக இருக்கட்டும் என்று வாதாடி ஜயித்தார். இந்தியாவில் 1854-ல் கால் தோலாக் கடிதத்துக்கு அரையணா என்று தூரம் பாராத கட்டணம் வந்தது. அந்தச் சமரச சன்மார்க்கத்தில் பழகிய நமக்கு, உள்ளூர், வட்டாரம், மகாநகரம், பிற இடம் என்று கூரியர்க்காரர் மண்டலம் பிரிப்பதும், மலையூர் என்றவுடன் ‘ஓ.டி.ஏ.’ (பட்டுவாடா எல்லைக்கு வெளியே) என்று மூன்றெழுத்துப் போட்டுத் தனிக் கூலி கேட்பதும், 1854-க்கு முந்திய உலகத்துக்குத் திரும்புவது போலவே இருக்கிறது.

பணம் வாங்கும் முறையும் அனுப்பும் முறையோடு பின்னிக்கிடக்கிறது. பொருளைக் கையில் கொடுத்துக் காசு வாங்கும் வழக்கத்தைப் புதிய யுகத்தின் கண்டுபிடிப்பாக எண்ணுவோர், 1877-லேயே இந்தியத் தபாலில் வி.பி.பி. வந்துவிட்டதை அறியார். என் பாலியத்தில் லேகியமும் நாவலும் சோதிட நூலும் வி.பி.யில்தான் வந்தன. தபால்காரர் வரும் தினத்தில் வீட்டுக்காரர் பணமில்லாமல் கொல்லைப்புறமாக வெளியேறியதையும் கண்டிருக்கிறேன். அன்று ‘வி.பி. திரும்பிவிட்டது’ என்றார்கள், இன்று அதையே ஆர்.டி.ஓ. என்கிறார்கள். தமிழில் எழுதினால் இந்த மூன்றெழுத்து வாகனங்களுக்கு உரிமம் தரும் அதிகாரியையும் குறிக்கும், வருவாய்க் கோட்டாட்சியரையும் குறிக்கும், வாங்குவார் இல்லாமல் திரும்பி வரும் பொட்டலத்தையும் குறிக்கும். “இந்த வாரம் ஏழு ஆர்.டி.ஓ. வந்தாங்க” என்று பையன் சொன்னபோது, அவன் வீட்டில் ஏதோ பெரிய விசாரணை நடக்கிறதென்று நான் பதறிப்போனேன்.

திரும்பி வருவதன் துயரத்தை இவ்வட்டாரம் அறிந்திருக்கிறது. செங்கம் பக்கத்தில் வட்டெழுத்துப் பொறித்த பல்லவர் காலத்து நடுகற்கள் அநேகம். அவற்றில் பல, கவர்ந்து போன ஆநிரையை மீட்கப் போராடி மடிந்த வீரர்களுக்கு எடுத்தவை. நிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை என்று புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கும். அதாவது, கொண்டுபோவதும் திரும்பப் பெறுவதும் தனித்தனித் திணை, தனித்தனிப் பூ. நம் வியாபாரிக்குத்தான் பூ இல்லை. வாடிக்கைக்காரர் வேண்டாமென்று கதவைச் சாத்தினால் போன கூலியும் வந்த கூலியும் பெரும்பாலும் அனுப்பினவன் தலையில் விழுகின்றன. அவனுக்கு யாரும் கல் நடுவதுமில்லை.

வேகத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் வழியில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச்சு 10-ஆம் தேதி இரவில், யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்த சமயம், அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் நட்சத்திரத்தின் ஒளி எதிர்பாராதபடி மங்கியதைப் பதிவு செய்தார்கள். கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டு என்ற கண்டுபிடிப்பில் அம்மலைக்கும் பங்கு கிடைத்தது. யுரேனஸிலிருந்து ஒளி இங்கே வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பின்கோடு இல்லை, கூலி இல்லை, கையெழுத்தும் இல்லை. அதே காவலூருக்கு வாணியம்பாடியிலிருந்து ஒரு ஜோடி செருப்பு வந்து சேர எத்தனை நாளாகும் என்று விசாரிப்பதை விஞ்ஞானத்தின்மீதுள்ள மரியாதையால் தவிர்த்துவிட்டேன்.

எதிர்த்திசையில், அதாவது மலைக்குள் வரும் பொட்டலத்துக்குக் கடைசி இரண்டு மைல்தான் கண்டம். பட்டுவாடா செய்யும் பிள்ளை ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறான்; எண் வர வேண்டிய கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை; சிக்னலோ புளியமரத்துக்கு மேற்கே உள்ள பாறையில் ஏறினால்தான் கிடைக்கும்; பாறையில் ஏறி எண்ணை வாங்கி இறங்குவதற்குள் பிள்ளை போய்விடுகிறான். இதற்கு மலைவாசிகள் கண்ட பரிகாரம் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லை. பஸ் நிறுத்தத்து டீக்கடையின் பெயரை முகவரியாகப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கடைக்காரருக்கு யார் எந்த ஊர், எவர் வீட்டில் இன்றைக்கு ஆளிருக்கும், எவர் சந்தைக்கு வருவார் என்பது தெரியும். அவர் தலையாட்டினால் பொட்டலம் மறுநாள் யாரோ ஒருவர் தோளில் மலைப்பாதையில் ஏறிவிடும். அவசரமானால் கண்டக்டரிடம் கொடுத்து, “போளூர்ல மருந்துக்கடைக்காரர் வந்து வாங்கிக்குவார்ண்ணே” என்றால் போதும். ரசீது கிடையாது, ஆனால் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெருங்கௌசிகனாரின் புல்முடிச்சு இன்று டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று ஓர் அத்தியாயம் எழுதினேன்.

அவ்வளவையும் சேர்த்து, தூது இலக்கியத்தில் அன்னம், மேகம், கிளி ஆகியவற்றின் கூலி விகிதங்களைப் பற்றிய இரண்டு பிற்சேர்க்கைகளுடன் கையெழுத்துப் பிரதியைக் கட்டிப் பையனிடம் கொடுத்து, பத்திரிகைக்கு அனுப்பச் சொன்னேன். அவன் படிக்கவில்லை, தராசில் வைத்தான்.

“520 கிராம் இருக்குதுங்க ஐயா. பின்னாடி இருக்கிற அந்த ரெண்டையும் எடுத்துட்டா அடுத்த படிக்குப் போகாது.”

எடுத்துவிட்டேன்.