மிஷினுக்கு விருந்து, கோழிக்குப் பட்டினி

ஏலே மருமவனே, மேலநீலிதநல்லூர் பூரா ஒம் பேச்சுத்தான். ராத்திரி அந்தப் பக்கமா வாரவன் எல்லாம், கோயில் கொடைக்கு லைட்டு கட்டியாச்சோன்னு நின்னு பாத்துட்டுப் போறான். கோழிக்கூட்டுல பூச்சி அடிக்கிற நீல லைட்டாம்லா! பலே, படிச்ச புள்ளன்னா சும்மாவா.

நேத்து அந்த மிஷினுக்கு அடியில குனிஞ்சு பாத்தேன். தட்டு நெறைய விட்டிலு, வண்டு, கருகுன ஈசல் றெக்கை. கொசுவைத் தேடுனேன், அது எங் காதுகிட்ட பாடிக்கிட்டு இருக்கு. கொசு வெளிச்சத்தைத் தேடியாலே வருது? மூச்சையும் ஒடம்புச் சூட்டையும் மோந்துல்லா வருது. தேவர் காலேஜ்ல படிக்கிற எம் பேத்திகிட்ட கேட்டேன். அமெரிக்காவுல டெலவேர்னு ஒரு சீமையில, இந்த மாதிரி மிஷினுல செத்ததை எல்லாம் கொட்டி எண்ணி, 1996ல எழுதி வச்சிருக்காகளாம். மொத்தம் 13,789 பூச்சி. அதுல கடிக்கிற சாதி வெறும் 31. மிச்சமெல்லாம் பாவம், வேடிக்கை பாக்க வந்தது.

அந்த விட்டிலும் வண்டும் யாரு சோறு? ஒங் கோழி சோறுலே! தீவனத்தைக் காசு குடுத்து வாங்குத, ஓசியில பறந்து வந்த கறியைக் கரண்டு வச்சுக் கருக்குத. நல்ல சம்சாரிடா நீ.

அதுவும் தீவனத் தொட்டிக்கு நேர் மேல மாட்டியிருக்க. ஈ பொசுங்கி வெடிச்சா, அது மேல இருக்க கிருமி சுத்துமுத்தும் தெறிக்குமாம். அதையும் அதே அமெரிக்காவுல கேன்சஸ்னு இன்னொரு சீமையில பாத்துச் சொல்லிட்டாக. கூட்டுல பறக்குத தூசியும் எறகும் அந்தக் கம்பியில ஒட்டி ஒரு பொறி தெறிச்சா, ஊருக்கே சுட்ட கோழிதான்.

ராத்திரி கோழியை உறிஞ்சுத உண்ணி, பகல்ல செவத்து வெடிப்புக்குள்ள படுத்துக் கெடக்கு. றெக்கையே இல்லாதவன் எப்படிலே பறந்து வந்து ஒன் லைட்டுல முட்டுவான்? வெடிப்பைப் பூசிச் சுண்ணாம்பு அடி. செள்ளுக்கு ஒரு குழியில சாம்பலும் புழுதியும் போட்டு வையி, கோழி அதுவே பொரண்டு குளிச்சுக்கிடும். கூட்டோரம் தேங்குத தண்ணியைக் கவுத்து விடு. அம்மையைக் கொண்டாருத கொசு அங்கனதான் பொறக்கு. அம்மைக்கு ஊசி போடு. பிப்ரவரியில ஆஸ்பத்திரிக்காரக வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட வந்தா, கோழி பிடிபடலன்னு சாக்குச் சொல்லாத.

கோழிக்குப் பூச்சி விருந்து வைக்க ஆசையா? ஓட்டைப் பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, ஓலை எல்லாம் திணி. தண்ணி தெளிச்சு, பைய மண்ணுல கவுத்து வையி. மறுநாள் நிமுத்திப் பாத்தா கரையான் மொய்க்கும். குஞ்சுக அடிச்சுப் பிடிச்சுத் திங்கும். கரண்டும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம்.

இதெல்லாம் கெழவன் பேச்சு, மிஷினு இருந்தே ஆகணும்னு நெனைக்கியா? சரி, ஒரு காரியம் செய்யி. நம்ம கண்ணுக்குப் பிடிபடாத ஊதா வெளிச்சங்கூட கோழிக் கண்ணுக்குத் தெரியும். விடிய விடிய அதைப் பாத்துக்கிட்டு எப்படிலே ஒறங்கும்? அதனால அதை ஒங் கட்டிலுக்கு மேல மாட்டிட்டு, அதுக்கடியில நீ படு. காலையில எத்தனை முட்டை போட்டுருக்கன்னு நான் வந்து எண்ணுதேன்.