வல்லூற்றின் பணிமூப்பு: ஒரு முன்னோடி ஆய்வு

வல்லூற்றைப் பழக்கி வேட்டையாடிய ஆங்கிலேயர் அதன் வயதைக் கேட்டதில்லை. எந்தப் பருவத்தில் பிடிபட்டது என்றே கேட்டனர். பிறந்த தேதி செல்லாது, பணியில் சேர்ந்த தேதியே செல்லும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அரசுப் பணிப்பதிவேட்டைப் புரட்டியவர்கள் வியக்கமாட்டார்கள்.

கூட்டிலிருந்தே எடுத்த குஞ்சு 'ஐயஸ்'. பிரெஞ்சில் 'நியே' என்றிருந்தது. ஆங்கிலத்துக்கு வந்த வழியில் முதலெழுத்தைத் தொலைத்தது. பிரான்சிலேயே தங்கிவிட்ட நியேக்கு இன்று அசடு என்று பொருள். ஐயஸ் மனிதனையே தாயென்று நம்பித் தீனி கேட்டு ஓயாமல் கத்தும் என்பதால், பிரெஞ்சுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு.

கூட்டைவிட்டுக் கிளைக்கு வந்து, சரியாகப் பறக்கவும் தெரியாமல் நிற்பது 'பிரான்ச்சர்'. இப்பருவம் சிறிது காலமே, ஆய்வும் அவ்வளவே.

முதல் இலையுதிர்காலத்தில் வலசை போகையில் சிக்கியது 'பாசேஜர்'. நெதர்லாந்தின் வால்கன்ஸ்வார்ட் பகுதிப் பொட்டல்களில் இதற்கென்றே பரம்பரைப் பிடிகாரர்கள் இருந்தனர். ஒளிந்திருக்கும் அவர்களுக்குக் கண், வெளியே கட்டிவைத்த கீச்சான் குருவிதான். மனிதருக்குத் தெரியாத தொலைவில் வரும் வல்லூற்றைக் கண்டு அது பதறும். இவர்கள் வலைக்கயிற்றைப் பற்றுவார்கள். உழைத்த கீச்சானுக்குப் பட்டம் எதுவும் கிடையாது.

முதிர்ந்த இறகோடு பிடிபட்டது 'ஹாகர்ட்'. சான்றிதழ் சரிபார்ப்பு மார்பில் நடக்கும்: நெடுக்குக் கோடுகள் என்றால் முதலாண்டு, குறுக்குக் கோடுகள் என்றால் முதிர்ச்சி. வேட்டையில் கைதேர்ந்தது இதுவே, வசப்படுத்தக் கடினமானதும் இதுவே. முன் அனுபவத்தோடு சேருபவர்களைப் பற்றி மேலதிகாரிகள் சொல்லும் குறையும் இதுதான். ஒத்தெல்லோ மனைவியைச் சந்தேகிக்கையில் ஷேக்ஸ்பியர் அவன் வாயில் வைத்ததும் இந்தச் சொல்லையே.

சேர்ந்தபின் வயதை இறகுதிர்ப்பால் எண்ணுவார்கள். ஒருமுறை உதிர்த்தது 'இன்டர்மியூட்'. உதிர்க்கும்வரை அடைத்துவைக்கும் இடம் 'மியூஸ்'. லண்டன் சேரிங் கிராஸில் இருந்த அரசரின் மியூஸ் 1534இல் எரிந்தது. மறுபடி கட்டியதும் குதிரைகள் குடியேறின. பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அந்நகரின் குதிரைலாயச் சந்துகளுக்கும் அதுவே பெயராயிற்று. லாயங்கள் இன்று வீடுகள். வாங்குபவருக்குத்தான் இறகு உதிர்கிறது.

இன்று பிரிட்டனில் பறக்கவிடப்படும் வேட்டைப் பறவைகள் பெரும்பாலும் மனிதர் பராமரிப்பிலேயே முட்டையுடைத்து வந்தவை. அவற்றுக்குப் பிறந்த தேதியும் பணியில் சேர்ந்த தேதியும் ஒன்றே. ஹாகர்ட் பணியிடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது.