ஊதுகிற மாப்பிள்ளை

பெண்ணைக் கட்டிக்கொடுக்குமுன் மாப்பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரித்தோம். குடிப்பாரா? மாட்டார். சிகரெட் ஊதுவாரா? கிடையவே கிடையாது. டிரம்பெட் ஊதுவாரா என்று கேட்க எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாசல் நகரில் மருந்துக் கம்பெனி வேலை. தங்கமான பையன். சாயங்காலம் வீடு திரும்பி, கைகால் கழுவி, பித்தளையைக் கையில் எடுத்தார் என்றால் என் மனைவிக்கு உடனே கடைக்குப் போய்ப் பால் வாங்கும் ஞாபகம் வந்துவிடும். ஃபிரிட்ஜ் நிறையப் பால். சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அதனால் அன்றைக்கு ஊதமாட்டார். ஊதுகிற சாமான்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கப் போவார். இந்தத் தடவை எங்களையும் கிளப்பிவிட்டார்.

"ரைன் அருவின்னு சொன்னீங்களே மாப்பிள்ளை?" என்றாள் மனைவி.

"இதுவும் ரைன் கரைதான் அத்தை."

சுவிஸ் பக்கம் ஸ்டைன் என்ற ஊரில் இறங்கி, கூரை வேய்ந்த 200 மீட்டர் மரப்பாலத்தை நடந்து கடந்தால் ஜெர்மனி. ஊர் பெயர் பாட் சேக்கிங்கன். பூங்காவுக்குள் ஷோனாவ் மாளிகை; மாளிகைக்குள் டிரம்பெட்டுக்கென்றே ஒரு சிறிய அருங்காட்சியகம். 1985 முதல் பல வருஷம் அதைப் பேணியவர் எட்வர்ட் டார் என்ற அமெரிக்க வித்வான். வழக்கொழிந்த பழைய டிரம்பெட்களை அந்தக் காலத்து முறையிலேயே ஊதிக் காட்டிப் பெயர் வாங்கியவர்.

இத்தனை ஊர் இருக்க, டிரம்பெட் இங்கே ஏன் குடியேறியது? அதற்கும் ஒரு மாப்பிள்ளைதான் காரணம். 17-ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் வெர்னர் கிர்ஷ்ஹோஃபர் என்ற சாதாரணக் குடும்பத்துப் பையன் ஷோனாவ் பிரபு குலத்து மரியா உர்சுலாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அவர்களுடைய கல்லறைக் கல் இன்னும் அந்த ஊரில் இருக்கிறது. இரண்டு நூற்றாண்டு கழித்துச் சட்டப் பயிற்சிக்காக அங்கே வந்த யோசஃப் விக்டர் ஃபான் ஷெஃபல், கட்டுக் கட்டாகக் கோப்பு பார்க்க வேண்டிய வயசில் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். 1854-இல் அதைக் காவியமாக வெளியிட்டார். நாயகன் கையில் டிரம்பெட்.

காவியத்து மாமனாருக்கு அவன் ஊதுவது மிகவும் பிடித்துப்போகிறது. கோட்டையிலேயே வேலை போட்டுக் கொடுக்கிறார். பெண்ணைக் கேட்டதும் மட்டும், குலம் போதாது என்று கதவைக் காட்டுகிறார். கடைசியில் ரோமாபுரியில் போப்பாண்டவர் அவனுக்குப் பட்டம் கொடுத்து, தாமே முன்னின்று ஜோடி சேர்க்கிறார். நான் அந்தப் பிரபுவைவிட முற்போக்கானவன். எனக்குக் குலத்தில் ஆட்சேபமே இல்லை, ஊதுவதில்தான்.

இந்தக் கதைக்கு இசையமைப்பாளர் மாலர் 1884-இல் மேடை இசை எழுதினார். அதிலிருந்த டிரம்பெட் பகுதி ஒன்றைத் தன் முதல் சிம்பொனியில் சேர்த்தார். பிறகு யோசித்து எடுத்துவிட்டார். எவ்வளவு பெரிய மனிதர்!

சட்டப்படி பார்த்தால் எங்கள் மாப்பிள்ளை டிரம்பெட்டைத் தொட்டிருக்கவே கூடாது. 1623-இல் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட், டிரம்பெட்காரர்களும் பேரிகைக்காரர்களும் சேர்ந்த சங்கத்துக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார். அரசவையிலும் படையிலும் ஊதுகிறவர்கள் முறையாகக் குருவிடம் பயின்றிருக்க வேண்டும். ஊர் வாத்தியக்காரனே அந்த உரிமையில் கை வைத்தால் வம்பு. மருந்துக் கம்பெனிக்காரர் மூச்சே விட்டிருக்க முடியாது. நல்ல சட்டங்கள்தான் முதலில் காலாவதியாகின்றன.

கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று மாப்பிள்ளை பாடம் எடுத்தார். பழைய டிரம்பெட் என்பது சுமார் 7 அடிக் குழாய், மடித்து வைத்தது. துளையும் கிடையாது, வால்வும் கிடையாது. துடிப்பது உதடு, அந்த நீளத்துக்கு இசைந்த ஸ்வரங்கள் மட்டும் குழாயில் நிற்கும். கீழே படிகள் விட்டுப்போன ஏணி அது. மேலே போனால்தான் படிகள் நெருங்கும். அதனால் ராகம் வாசிக்க நினைத்தவர்கள் உச்சியிலேயே தொங்கினார்கள். அங்கேயும் பதினோராவது ஸ்வரம் சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நட்டநடுவில் வந்து நிற்கும். சங்கராபரணமா, கல்யாணியா என்பதை உதடுதான் தீர்மானிக்க வேண்டும்.

"உங்களுது எந்த ராகம் மாப்பிள்ளை?"

"போகப் போகத் தெரியும் மாமா."

வியன்னாவில் அன்டன் வைடிங்கர் என்பவர் குழாயில் துளை போட்டு, திறந்து மூடச் சாவிகள் வைத்தார். அந்த வாத்தியத்துக்கென்றே ஹைடன் 1796-இல் ஒரு கன்சர்ட்டோ எழுதினார். விட்டுப்போன ஸ்வரங்கள் கிடைத்தன. ஆனால் துளை திறந்தால் ஒரு குரல், மூடினால் வேறு குரல். அதற்குள் ஹைன்ரிஷ் ஷ்டோல்ஸல் வால்வோடு வந்துவிட்டார். விரலை அழுத்தினால் கூடுதலாக ஒரு சுற்றுக் குழாய் சேர்ந்து மொத்த நீளம் கூடும், சுருதி இறங்கும். 1818-இல் ப்ளூமெல் என்பவருடன் சேர்ந்து பெர்லினில் காப்புரிமையும் வாங்கினார். அதற்கப்புறம் எல்லா ஸ்வரமும் எல்லாருக்கும் கிடைத்தது. எங்கள் மாப்பிள்ளைக்கும் கிடைக்கிறது. அவர் தேடும்போது மட்டும் கிடைப்பதில்லை.

மனைவியின் கவலை வேறு. "ஊதி முடிச்சதும் கீழே ஒரு மூடியைத் திறந்து கம்பளத்துல விடறீங்களே, அது எச்சில்தானே?"

"மூச்சில் இருக்கிற ஈரம் அத்தை. பித்தளையில் பட்டுக் குளிர்ந்து தண்ணியாயிடும். எச்சில் ரொம்பக் கம்மி."

கம்மியோ ஜாஸ்தியோ, எச்சில் எச்சில்தானே? ஊருக்குத் திரும்புவதற்குள் அந்தக் கம்பளத்தைக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவாள்.

இந்த நெடிய சரித்திரத்தில் அத்தனை பேரும் ஊதுகிறவனுக்காகவே உழைத்திருக்கிறார்கள். கேட்கிறவனுக்கும் உபயோகமான சாமான் ஒன்றே ஒன்றுதான்: வாயை அடைக்கும் மியூட். மாண்டுவாவில் 1607-இல் மேடையேறிய 'ஓர்ஃபியோ' ஆபராவின் தொடக்கத்திலேயே, அதற்கு இசை எழுதிய மான்டெவெர்டி மியூட் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இப்போது வீட்டுப் பயிற்சிக்கென்றே தனியாக விற்கிறார்கள் என்று மாப்பிள்ளையே வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

இது தலைதீபாவளி வருஷம். "மோதிரத்துக்குப் பதிலா மியூட் வாங்கிக் கொடுத்துடலாமா?" என்று மனைவியின் காதோடு கேட்டேன்.

"மோதிரத்தையும் போட்டுடுங்க," என்றாள். "இல்லேன்னா கோபத்துல மியூட்டைக் கழற்றி வெச்சுட்டு ஊதுவார்."