பழுப்பாக இருந்தால் சாக்லேட்

எங்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் சாக்லேட் தோசை கிடைக்கிறது. கல்லில் மாவை ஊற்றி, வெண்ணெய் தடவி, டப்பாவிலிருந்து பழுப்பாக எதையோ அள்ளி அப்புகிறார் கடைக்காரர். தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டேன்.

"கார சட்னியா, தேங்கா சட்னியா சார்?" என்றார், கூச்சமே இல்லாமல்.

டப்பாவை வாங்கி, பின்பக்கத்து எறும்பெழுத்தைப் படித்தேன். முதலில் சர்க்கரை. அடுத்தது தாவரக் கொழுப்பு. கோகோ தூளோ, கல்யாணப் பத்திரிகையின் அடியில் போடுகிற ஒன்றுவிட்ட சித்தப்பா பெயர் மாதிரி எங்கேயோ கிடந்தது. எடை அதிகமானதை முதலில் போடவேண்டும் என்பது சட்டம். சித்தப்பாவை மேலே ஏற்ற வழியில்லை. கடைசியாக, வனிலா மணமூட்டி. கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா, சாக்லேட்!" என்கிறோமே, அதில் பெரும்பங்கு பாராட்டு இந்த ஆசாமிக்குத்தான் போகவேண்டும்.

கோகோ வெண்ணெயை ஏன் சேர்ப்பதில்லை? விலை ஒரு பக்கம், வெயில் இன்னொரு பக்கம். அது ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும். ஐரோப்பாவில் அந்தச் சூடு வாய்க்குள் மட்டும் இருக்கிறது. வேலூரில் மே மாதம் பெட்டிக்கடை முழுக்க இருக்கிறது. எனவே பாமாயில் வகையறா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்பட்டதில்லை. பழுப்புத் தூளைப் பாலில் கலக்கினால் பிள்ளை வளரும். கபில் தேவே டிவியில் வந்து சொன்ன பிறகு அப்பீல் ஏது? எங்களுக்கோ பால்தான் இடைஞ்சல். தூளை அப்படியே ஸ்பூனால் வாயில் போட்டால் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து "யார்றா டப்பாவைத் தொறந்தது?" என்று குரல் வரும். இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கவேண்டும். திறந்தால் சாட்சி உள்ளேயே இருக்கும்.

2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவிலிருந்து எடுத்துவிடுமாறு மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அந்த ஆபீசருங்களுக்கு சின்ன வயசுல யாரும் கலக்கிக் குடுத்திருக்க மாட்டாங்க, பாவம்" என்றாள்.

அசல் கோகோவைப் பார்க்க பொள்ளாச்சி வரை போனால் போதும். ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கிறது. தோட்டத்தில் பழத்தை உடைத்துக் கொடுத்தார்கள். உள்ளே புளிப்பும் இனிப்புமாக வெள்ளைச் சதை. சாக்லேட் வாசனை மருந்துக்கும் கிடையாது. கொட்டையைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும். ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்தால்தான் அந்த மணம் பிறக்குமாம். மெக்சிகோவின் அஸ்டெக்குகள் இதைச் சர்க்கரை இல்லாமல், மிளகாய் போட்டு, உயரத்திலிருந்து நுரைக்க ஆற்றிக் குடித்தார்கள். ஆற்றிய விதத்தைப் பார்த்தால் கும்பகோணத்துக்காரர்களோ என்று சந்தேகம் வரும்.

தோட்டத்து அம்மா வறுத்த கொட்டையை இடித்து, பாலில் காய்ச்சி, கொஞ்சமாகக் கருப்பட்டி தட்டிப் போட்டுக் கொண்டுவந்தார். "அசல் சரக்கு கண்ணு, குடிச்சுப் பாரு" என்று கூட வந்திருந்த அக்கா பையனிடம் நீட்டினார்.

ஒரு வாய் உறிஞ்சியவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு என் காதருகே வந்தான்.

"மாமா, இதுல சாக்லேட் ஃபிளேவரே இல்ல."