அந்தப் பக்கம் போகக் கூடாது

அந்தத் திரையைப் பற்றி யாரிடமாவது புலம்பாவிட்டால் எனக்கு இந்த வாரம் தூக்கம் வராது. பிஸினஸ் கிளாஸுக்கும் நமக்கும் நடுவே தொங்குமே, அதுதான். விமானத்தில் சமத்துவம் கொண்டுவர என்னிடம் அருமையான யோசனை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் திரை.

போன வாரம் டெல்லியிலிருந்து திரும்பும்போது எனக்குத் திரையை ஒட்டிய வரிசை. முன்பக்கக் கழிப்பறை கூப்பிடு தூரத்தில் இருந்தது. எழுந்து போனேன். பணிப்பெண் சிரித்த முகம் மாறாமல், "உங்களுக்குப் பின்னாடி இருக்கு சார்" என்றார். பின்னாடி திரும்பினால் சாப்பாட்டு வண்டி நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது ஒவ்வொரு வரிசையிலும் வெஜ்ஜா நான்வெஜ்ஜா என்று விசாரித்து முடிக்கும்வரை ஜன்னல் வழியாக மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசிக்கவில்லை.

அப்படி அந்தத் துணி எதைத்தான் தடுக்கிறது? சத்தத்தைத் தடுக்காது. நம் பக்கத்துக் குழந்தை வீறிட்டால் அவர்களுக்கும் காது அடைக்கும். வாசனையைத் தடுக்காது. அவர்களுக்குச் சூடாக்கும் ரொட்டி மணம் இங்கே வரும், நம் ஆள் பிரிக்கும் புளியோதரை மணம் அங்கே போகும். விமானம் குலுங்கினால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் குலுங்கும். இத்தனைக்கும் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் திரையை ஒதுக்கிக் கட்டிவிடுவார்கள். பாதுகாப்பு விதியாம். ஆபத்து வரக்கூடிய நேரத்தில் எல்லோரும் ஓர் குலம், காபி வரும் நேரத்தில் மட்டும் நீ வேறு நான் வேறு.

ஐரோப்பாவுக்குள் பறக்கும் பல விமானங்களில் கூத்து இன்னும் பெரிது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நாற்காலிதான். நடு சீட்டைக் காலியாக விட்டு அதை பிஸினஸ் என்பார்கள். அந்த டிக்கெட் எத்தனை விற்றதோ அதற்கேற்பத் திரையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்வார்கள். காலையில் ஏழாம் வரிசை கனவான்களுடையது. மாலையில் திரை இரண்டு வரிசை முன்னே போனால், அதே நாற்காலி, அதே பஞ்சு, பரம ஏழை. நாற்காலி என்ன பாவம் செய்தது?

அதைவிட, ஏறும்போது நம்மை அவர்கள் வழியாக நடத்திக்கொண்டு போகிறார்களே, அது எதற்கு? அவர்கள் கையில் ஜூஸ், நம் கையில் பை. போகிறபோக்கில் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவனுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு பணம் என்று கணக்குப் போடாதவர் யார்? டிசெல்ஸ், நார்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-ல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். முதல் வகுப்பு உள்ள விமானங்களில் எகானமியில் தகராறு அதிகமாம். முன்வாசலில் ஏற்றி முதல் வகுப்பைக் கடக்கவைத்தால் இன்னும் அதிகம். முதல் வகுப்பிலும்கூட அதிகம். நம்மைப் பார்த்து அவர்களுக்கு என்ன கோபமோ!

2009-ல் மத்திய இணையமைச்சராக இருந்த சசி தரூர் எகானமியை 'கேட்டில் கிளாஸ்' என்று ட்விட்டரில் எழுதப்போய், கடைசியில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மாடுகள்தான் வழக்குப் போட்டிருக்க வேண்டும். தொழுவத்தில் கால் மடக்கிப் படுக்கவாவது இடம் உண்டு.

ரயில்வேயைப் பாருங்கள். 1974-ல் மூன்றாம் வகுப்பையே ஒழித்தார்கள். அதில் போனவர்கள் இரண்டாம் வகுப்புக்காரர்கள் ஆனார்கள். நெரிசல் அப்படியேதான் இருந்தது, ஆனால் மரியாதை ஒரு படி ஏறிவிட்டது. விமானக் கம்பெனிகளுக்கு அந்தப் பெருந்தன்மைகூடக் கிடையாது. இருக்கிற எகானமியையே கூறுபோட்டு விற்கிறார்கள். முன்வரிசைக்கு ஒரு விலை, கால் நீட்ட இடமுள்ள எமர்ஜென்ஸி வரிசைக்கு ஒரு விலை, ஜன்னலுக்கு ஒரு விலை. போதாக்குறைக்கு ஸோன் ஒன்று, ஸோன் இரண்டு என்று கூப்பிட்டு ஏற்றுகிறார்கள்.

யோசனையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதற்குமுன் இந்த நடு சீட் ஆசாமிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தனியாகப் பணம் கட்டி ஜன்னலோரம் வாங்கியவன். பக்கத்தில் இருந்தவர் ஒரு பைசா கூடுதலாகக் கட்டவில்லை. கம்ப்யூட்டர் தள்ளிவிட்ட இடத்தில் வந்து உட்கார்ந்தவர். அவர் என் பக்கத்துக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சென்னை வரைக்கும் குறட்டை விடுகிறார். மனுஷனுக்குத் தன் இடம் எதுவென்று தெரிய வேண்டாமா?