விழுப்புரத்து உயரம்: எங்கிருந்து அளப்பது?

விழுப்புரம் சந்திப்பின் மஞ்சள் பலகையில், ஊர்ப்பெயரோடு கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்றும் எழுதியிருக்கும். திண்டிவனத்துப் பலகைக்கும் அதே முறைதான். ரயில்வேக்காரர்கள் உயரத்தைச் சொன்னால் எங்கிருந்து அளந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். நடிகர்களை அளப்பவர்களிடம் இந்த ஒழுங்கு கிடையாது. ‘ஆள் குள்ளம்பா’ என்று முடித்துவிடுவார்கள். எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. பெயரின் முதலெழுத்திலேயே விழுப்புரத்தைச் சுமந்த வி.சி. கணேசனை, அதாவது சிவாஜியை, நெட்டையர் பட்டியலில் யாரும் சேர்த்ததில்லை. ஆனால் 1952-இல் ‘பராசக்தி’ வந்த நாள்முதல் தமிழ்நாடு அவரை அண்ணாந்தே பார்த்தது. ஆகவே இக்கட்டுரையின் கருதுகோள் இது: திரையில் உயரம் என்பது உடம்பில் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது.

முதல் சான்று படச்சுருள். பழைய 35 மி.மீ. சுருளில் ஒரு சட்டத்தின் உயரம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். நாலு கொத்தமல்லி விதையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவு. ஆறடி ஆளும் ஐந்தடி ஆளும் அதற்குள்தான் நின்றாக வேண்டும். குளோசப் என்றால் கால்களுக்கு வேலையே இல்லை. இரண்டாம் சான்று ‘நவராத்திரி’ (1964). அதில் சிவாஜிக்கு ஒன்பது வேடம். உறவில்லாத ஒன்பது பேர் நூல் பிசகாமல் ஒரே உயரத்தில் இருப்பது எந்த ஊரிலும் நடக்காத அதிசயம். பார்த்தவர்களுக்கு அது உறுத்தவில்லை. நடை, குரல், கழுத்தின் சாய்வு இவற்றை வைத்தே ஒன்பது பேரையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டார்கள். காவலர் தேர்வுக்குப் போகிறவரை வெறுங்காலோடு நிற்கவைத்து அளக்கிறோம். ‘தங்கப்பதக்கம்’ (1974) படத்தில் சிவாஜி நடித்த எஸ்.பி. சௌத்ரியை அளக்க யாரும் நாடா எடுத்து வரவில்லை.

கேமராவைக் கீழே இறக்கினால் எவரும் உயர்ந்துவிடலாமே என்பது முதல் மறுப்பு. உண்மைதான், ஆனால் அந்த வசதி எல்லா நடிகருக்கும் உண்டு. ஏறி நிற்க எல்லாருக்கும் கிடைக்கும் பலகை ஒருவரை மட்டும் தூக்கிவிட்டது என்றால், அதில் பலகைக்கு என்ன பங்கு? இரண்டாம் மறுப்பு அமிதாப் பச்சன்: ஆறடியைத் தாண்டிய அந்த உயரந்தானே அவர் முதலீடு? 1969-இல் நடிக்க வந்தவருக்கு 1973-இல் ‘சஞ்சீர்’ வரும்வரை பெரும்பாலும் தோல்விகள். இடைப்பட்ட காலத்தில் அவர் வளர்ந்துவிடவில்லை. மாறாத ஒன்றைக் காட்டி மாறிய ஒன்றுக்குக் காரணம் சொல்வது தர்க்கமாகாது. போதாக்குறைக்கு, 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ அப்புவாகக் கமல்ஹாசன் இருந்த உயரத்தையும் குறைத்துக்கொண்டார், வசூல் குறையவில்லை.

அப்படியானால் சினிமாவில் உயரம் யாருக்குமே பிரச்சினை இல்லையா? இருந்தது, தரை டிக்கெட்காரருக்கு. அந்தக் கால டூரிங் டாக்கீஸில் முன்னால் இருப்பவர் தலை மறைத்தால், மணலைக் கூட்டிக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவர் அதைவிடப் பெரிய மேடு கட்டுவார். இடைவேளைக்குள் கொட்டகையில் ஒரு சிறு மலைத்தொடரே எழும்பிவிடும். திரையில் இருப்பவரை முழுசாகப் பார்க்க இத்தனை பேர் தங்கள் உயரத்தைக் கூட்டிக்கொண்டார்களே தவிர, அவர் உயரம் போதவில்லை என்று ஒருவரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. அளப்பதென்றால் அந்த மணல்மேட்டிலிருந்துதான் அளக்கவேண்டும்.