பாலம் தூக்கினதைப் பார்த்தீங்களா?

ராமேசுவரம் தீவில் கோயிலைத் தவிர வெளியே சுற்றிப் பார்க்க என்னென்ன உண்டு என்று உருப்படியாக ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கந்தமாதன பர்வதத்து மேட்டிலிருந்து தெரியும் கடல், வில்லூண்டியில் கடலுக்குள்ளேயே ஊறும் நல்ல தண்ணீர் எல்லாம் வரிசையாக வரும். அதற்கு முன்னால் பூதலூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் வயிறு எரிகிறது.

"ராமேஸ்வரம் போயிருந்தீங்களாமே! பாம்பன் பாலம் தூக்கினதைப் பார்த்தீங்களாண்ணே?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

இல்லை என்றேன்.

"அடடா! அப்பறம் என்னத்தப் பார்த்தீங்க?"

1914-இல் திறந்த பழைய பாலம் நடுவில் பிளந்து தூக்கிக்கொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி நேரே மேலே போகும். அதையும் கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள். நான் போன நேரம் கப்பல் வரவில்லை. "போன் போட்டுக் கேட்டுட்டுக் கெளம்பியிருக்கலாம்ல?" என்கிறார். யாருக்கு, கப்பலுக்கா?

ரயிலில் போனேன் என்றேன். "ரோட்டுப் பாலத்துல நின்னு ரயில் போறதைப் பார்க்கணும்ணே, அதான் அழகு" என்றார். போன வருஷம் பஸ்ஸில் போய்வந்த என் மச்சானிடம் இதே மனுஷர், "ரயில்ல போகாம ஒரு ராமேஸ்வரமா?" என்று கேட்டவர். ரயிலுக்குள்ளே உட்கார்ந்துகொண்டே அந்த ரயிலை வெளியே நின்றும் பார்த்தவன் வந்தால்தான் இவர் ஒப்புக்கொள்வார். அவனிடமும், "ராத்திரியில பார்க்கலையா, லைட்டெல்லாம் போட்டு?" என்பார்.

22 தீர்த்தமும் ஆடினேன். "அதுக்கு முன்னால அக்னி தீர்த்தம்?" கடலில் முழுகிவிட்டுத்தான் போனேன். "ஸ்படிக லிங்கம்?" விடியற்காலையில் வரிசையில் நின்று பார்த்தேன். ஆள் கொஞ்சம் தடுமாறினார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கைகொடுத்தார்: "அரிச்சல்முனையில சூரிய உதயம்?"

ஸ்படிக லிங்கம் கோயிலுக்குள்ளே. அரிச்சல்முனை தீவின் கடைக்கோடியில். ஒரே விடியலில் இங்கிருந்து அங்கே தாவ நான் என்ன அனுமாரா? மத்தியானம்தான் போனேன் என்றேன்.

"அப்ப போகாத மாதிரிதான்."

தனுஷ்கோடியில் இடிந்த சர்ச் முன்னால் போட்டோ எடுத்தேனா என்று அடுத்த கேள்வி. எடுக்கவில்லை. 1964 டிசம்பர் புயலில் ஊரும், ஆட்களோடு வந்த ரயிலும் கடலுக்குள் போன இடம் அது. அங்கே நின்று இரண்டு விரலைக் காட்டிச் சிரிக்க எனக்கு வரவில்லை. சொன்னால், வயசாகிவிட்டது என்கிறார்கள். ஆகட்டும்.

வீட்டுக்கு வந்தால் திண்ணையில் பெரியப்பா. பாம்பனைத் தாண்டியதே இல்லை. நான் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தேன் என்பது அவருக்குத்தான் முழுசாகத் தெரிந்திருந்தது.

சாயங்காலம் டீக்கடைக்காரரை நான் மடக்கினேன். "முக்கொம்புல பிரிஞ்ச காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கே ஸ்ரீரங்கம், அதுவும் தீவுதான். அது முடியிற எடம் நம்ம கல்லணை. கடைசியா எப்பப் போனீங்க?"

"அது எங்கண்ணே போகப்போவுது?" என்று டீயை ஆற்றினார்.

பர்வதத்துக்கும் வில்லூண்டிக்கும் இடமில்லாமல் போய்விட்டது. தீவுக்குப் போய்வந்தவர் யாராவது எதிரே வந்தால் தயவுசெய்து கருவாடு வாங்கினாரா என்று மட்டும் கேளுங்கள். பாம்பன் வரை போய் அதை வாங்காமல் வந்தவரை நீங்கள் தாராளமாகத் திட்டலாம்.